மூன்று காதம் தள்ளி ஒரு பாறை

பாரிஸிலிருந்து பதில் வந்தபோது எல்சேயார் சாமி மடத்துத் தோட்டத்தில் அவரைக் கொடிக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தார். மார்ச் மாதம், தபசு காலத்தின் நான்காம் வாரம். மண் கையை அங்கியில் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே அரக்கு முத்திரையை உடைத்தார். ஏழு மாதம் காத்திருந்த கடிதம். உள்ளே ஒரே ஒரு தாள்தான் இருந்தது.

"வணக்கத்துக்குரிய துறவிக்கு. கலமோத்தித் தீவுக்கு மேற்கே உள்ள பாறைத்திட்டு, மன்னரின் வரைபடத்தில் காட்டியிருக்கும் இடத்திலிருந்து மூன்று காதம் மேற்கே தள்ளி இருக்கிறது என்று தாங்கள் எழுதியதைப் படித்தேன். அந்த வரைபடம் நான் வரைந்தது. தாங்கள் செபமாலை மணிகளை எண்ணுங்கள். பாகைகளை எண்ணும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். டிசம்பர் மூன்றாம் தேதி. தெ கொர்வெசாக்."

அவர் இரண்டு தடவை படித்தார். கையிலிருந்த கொம்பைப் படாரென்று ஒடித்தார். பிறகு தனக்கே வெட்கமாகி, ஒடிந்த இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுவிட்டு உள்ளே போனார்.

ரவேல் துறையில் கயிறு திரிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் எல்சேயார். பதினேழு வயதில் மடத்தில் சேர்ந்தார். இறைச்சி, பால், முட்டை மூன்றையும் சாகும்வரை தொடுவதில்லை என்று வார்த்தைப்பாடு கொடுக்கிற மடம் அது; மீன் மட்டும் உண்டு. கணக்கும் வானமும் அவருக்கு அங்கேதான் பிடிபட்டன. நாற்பத்தாறு வயதில், பதினான்கு அடி நீளத் தொலைநோக்கியைத் துண்டு துண்டாகக் கழற்றி, வைக்கோல் மெத்தைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு, துருக்கியர் கடலில் இருக்கும் கலமோத்தித் தீவுக்குக் கப்பல் ஏறினார். பதினோரு மாதம் அங்கே இருந்தார். வியாழனைச் சுற்றும் சின்ன நிலாக்கள் அதன் நிழலுக்குள் போய் மறையும் நேரத்தை முப்பத்தொரு தடவை குறித்தார். அந்த மறைவு எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஊரின் கடிகாரமும் அப்போது வேறு வேறு மணி காட்டும். அந்த வித்தியாசத்தை வைத்து ஊருக்கும் ஊருக்கும் இடையே கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். ஸ்தாமாத்திஸ் என்ற ஆட்டுக்காரர் ஒருவர்தான் அவருக்குத் துணை. பகலில் அவருடைய படகில் போய், தீவைச் சுற்றி ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தார். காய்ச்சலில் இரண்டு தடவை சாகக் கிடந்தார். சூரியனை அளந்து அளந்து வலது கண்ணில் பாதிப் பார்வை போயிற்று. இத்தனைக்கும் பிறகு ஊர் திரும்பி, சுத்தமாகப் படியெடுத்து அனுப்பிய கணக்குக்குத்தான் செபமாலை மணியை எண்ணச் சொல்லிப் பதில்.

மடத்து அதிபர் இலாரியோன் சாமி கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சண்டை என்றால் பயம்.

"சரி, பதில் வந்துருச்சு. இதோட விடுங்க."

"எப்படி விடுறது? பாறை அங்க இருக்கு. நான் அதும்மேல ஏறி நின்னுருக்கேன். கொர்வெசாக் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல."

"அவரோட அண்ணன்தான் நம்ம மடத்துக்கும் மேல இருக்குற ஆயர். அது தெரியும்ல உங்களுக்கு?"

"ஆயரோட தம்பின்னா பாறை நகந்து வழி விட்டுருமா?"

"எல்சேயார்!" அதிபர் குரலை உயர்த்தினார். "கீழ்ப்படிதல்னு ஒரு வார்த்தைப்பாடு கொடுத்திருக்கீங்க. மன்னரோட படம் தப்புன்னு நம்ம மடத்துலேர்ந்து ஒரு வார்த்தை வெளிய போகக்கூடாது. முன்னயே சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

முன்னமே சொன்னது உண்மைதான். எல்சேயாரை உறுத்தியதும் அதுதான். ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாள், த்ரோஃபிம் இஸ்னார் அவரைப் பார்க்க வந்திருந்தான். 'புனித எலேனா' என்ற கப்பலுக்கு மாலுமி வழிகாட்டி. அந்தக் கடலுக்கு அதுதான் அவனுக்கு முதல் பயணம். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு கேட்டான்.

"சாமி, மன்னர் சரக்கு ஏத்துற கப்பல். புதுப் படத்தைப் பாத்துத்தான் ஓட்டணும்னு உத்தரவு. நீங்க அந்தத் தீவுல இருந்துட்டு வந்தவங்க. படம் சரிதானா?"

எல்சேயார் வாயைத் திறந்தார். அதிபரின் முகம் நினைவுக்கு வந்தது. "பாரிஸுக்கு எழுதியிருக்கேன், த்ரோஃபிம். பதில் வரட்டும்" என்றார். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். ஒரு வாரத்தில் கப்பல் கிளம்பிவிட்டது.

உயிர்த்தெழுந்த திருநாளான பாஸ்கு முடிந்து இரண்டாவது வாரத்தில் செய்தி வந்தது. பிப்ரவரி பதினெட்டாம் தேதி, பொழுது விடிகிற நேரத்தில், பாறைக்கு இன்னும் அரை நாள் ஓட்டம் இருக்கிறது என்று படத்தை நம்பி முழுப்பாயில் வந்த 'புனித எலேனா' அதன்மேலேயே ஏறிப் பிளந்துவிட்டது. நாற்பத்து மூன்று பேர் செத்தார்கள். பிழைத்த ஒன்பது பேரில் த்ரோஃபிமும் ஒருவன். கப்பலை அழித்த குற்றத்துக்காக அவனைச் சங்கிலி போட்டுக் கொண்டுவந்து ரவேல் துறைக் கோட்டையில் அடைத்தார்கள். தண்டனை என்னவென்று ஊருக்கே தெரியும். அரசாங்கத் துடுப்புக் கப்பலில் ஆயுள் முழுக்கக் காலில் விலங்கோடு துடுப்பு வலிக்க வேண்டும்.

அன்று மத்தியானமே அவன் மனைவி மக்தலோன் மடத்து வாசலுக்கு வந்தாள். மீன் விற்கிறவள். கூடையைத் தலையிலிருந்து இறக்கி வாசற்படியில் தொப்பென்று போட்டாள்.

"எங்கய்யா அந்த நட்சத்திரச் சாமி? வெளிய வரச் சொல்லு!"

எல்சேயார் வந்தார்.

"என் புருசன் உங்கள வந்து கேட்டானா இல்லையா?"

"கேட்டான்."

"படம் தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும், மக்தலோன்."

மறுப்பார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள் போல. பிறகு தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"ஆகாசத்துல கெடக்குற நெலாவை எண்ணத் தெரியுது! கண்ணுக்கு முன்னாடி நிக்குற மனுசன்கிட்ட 'அந்தப் பக்கம் போவாத'ன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா? நாக்கைக் கழட்டி வச்சுட்டா வானத்தப் பாத்தீங்க? நாப்பத்து மூணு பேரு சாமி! எங்க தெருவுல மட்டும் ஆறு வீடு!"

எல்சேயார் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. குனிந்தால் தப்பித்துக்கொள்வது போலிருக்கும் என்று தோன்றியது. அவள் திட்டி முடிக்கும்வரை கேட்டார். முடித்த பிறகு, "விசாரணை எப்போ?" என்று கேட்டார்.

"செவ்வாக்கிழமை."

"வர்றேன்."

"வந்து? பாரிஸிலேர்ந்து பதில் வரட்டும்னு சொல்வீங்களா?" என்றாள் அவள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, அதிபர் வாசற்கதவைப் பூட்டச் சொன்னார். எல்சேயார் தோட்டத்துச் சுவரேறிக் குதித்தார். ஐம்பது வயதை நெருங்கிய ஆள். முழங்கால் சிராய்த்து, அங்கியில் சுண்ணாம்போடு, குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நுழைந்ததைப் பார்த்துக் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

நீதிபதி பஸ்கலிஸ் கிழவர், சளி பிடித்திருந்தது. அவர் பக்கத்தில், பாரிஸிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். தெ கொர்வெசாக்கின் செயலர் லிஞாக். பவுடர் போட்ட பொய்முடி, வெள்ளைக் காலுறை. த்ரோஃபிம் சங்கிலியோடு நின்றான். மூன்று மாதத்தில் தோள் சதை வற்றியிருந்தது.

எல்சேயார் பாறை எங்கே இருக்கிறது என்று சொன்னார். எப்படி அளந்தார் என்று சொன்னார். லிஞாக் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"சாமி இந்த அளவெல்லாம் எடுத்தப்போ சாட்சிக்குக் கூட யாரு இருந்தாங்க?"

"ஸ்தாமாத்திஸ்னு ஒருத்தர்."

"அவர் கணித மேதையா?"

"ஆடு மேய்க்கிறவர்."

சிரிப்பு எழுந்தது. லிஞாக்கும் சிரித்தார். "நல்லது. மன்னரோட வரைபட வல்லுநர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு துறவி, ஒரு ஆட்டுக்காரர். ஆடுங்களும் சாட்சி சொல்ல வருமா சாமி?"

"ஆடு அந்தப் பாறையைப் பாத்துருக்கு, ஐயா. உங்க எசமானர் பாத்துருக்காரா?"

இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. மீன்காரிகள் பெஞ்சியைத் தட்டினார்கள். லிஞாக்கின் முகம் சிவந்தது.

"இந்தக் குறிப்பேடு எப்போ எழுதினதுன்னு யாருக்குத் தெரியும்? கப்பல் முழுகின பிறகு போன வாரம்கூட உக்காந்து எழுதியிருக்கலாம். பாறை இடம் மாறி இருக்குன்னு இவர் முன்னாடியே சொன்னாருங்கிறதுக்கு ஆதாரம் என்ன?"

எல்சேயார் அங்கிக்குள் கையை விட்டார். "ஆதாரம் உங்க எசமானர் கையெழுத்துலயே இருக்கு" என்று சொல்லி, மடித்த தாளை நீதிபதியிடம் நீட்டினார்.

பஸ்கலிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மூன்று காதம் என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு தேதிக்குப் போயிற்று. கப்பல் கிளம்பியது ஜனவரி நடுவில். கடிதம் அதற்கு முந்தின டிசம்பர். கிழவர் தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூக்கைச் சிந்தினார். உள்ளே எழுந்து போனார். லிஞாக்கும் பின்னாலேயே போனார்.

ஒரு மணி நேரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. 'புனித எலேனா' கடவுள் சித்தப்படி கடலின் சீற்றத்தால் அழிந்தது. யார் மேலும் குற்றம் இல்லை. த்ரோஃபிம் இஸ்னாரை விடுதலை செய்யலாம். ஆனால் இனி எந்தக் கப்பலுக்கும் அவன் வழிகாட்டக் கூடாது. வரைபடத்தைப் பற்றித் தீர்ப்பில் ஒரு எழுத்துகூட இல்லை.

"சீற்றமா?" எல்சேயார் கத்திவிட்டார். "அன்னைக்குப் புயலே இல்லன்னு ஒன்பது பேரும் சொன்னாங்களே! கடிதம் எங்க? கடிதத்தத் திருப்பிக் கொடுங்க!"

"எந்தக் கடிதம்?" என்றார் பஸ்கலிஸ். முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

காவலர்கள் எல்சேயாரை வெளியே தள்ளினார்கள். தெருவில் மக்தலோன் புருஷனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமியிடம் வந்தாள்.

"அன்னைக்கு நெறையப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. ஆளு வீட்டுக்கு வந்துட்டாரு. அது போதும்."

"போதாது" என்றார் எல்சேயார். "நீ பேசினது அத்தனையும் சரி. அந்தப் படம் இன்னும் முப்பது கப்பல்ல இருக்கு, மக்தலோன்."

மடத்துக்குத் திரும்பியதும் அதிபர் தண்டனையைச் சொன்னார். மலைமேல் இருக்கும் சின்ன மடத்துக்கு மாற்றம். தொலைநோக்கி இங்கேயே கிடங்கில் இருக்கும். இனி அவர் யாருக்கும் கடிதம் எழுதக் கூடாது. சனிக்கிழமை கிளம்ப வேண்டும். சொல்லி முடித்துவிட்டு இலாரியோன் சாமி கேட்டார்.

"என்மேல கோவமா?"

"உங்கமேல, ஆயர்மேல, அந்த நீதிபதிமேல, என்மேல. எல்லார்மேலயும்தான். கிளம்புற வரைக்கும் துறைமுகத்துக்குப் போகலாமா?"

அதிபர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் எல்சேயார் மீன்துறையில், உப்புப் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். முன்னால் ஒரு பலகை, மைக்கூடு, அளவுகோல். த்ரோஃபிம் கப்பல் கப்பலாகப் போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொருவரும் தங்கள் படத்தைக் கொண்டுவந்து விரித்தார்கள். எல்சேயார் அச்சடித்த பாறையின்மேல் குறுக்கே கோடு போட்டு, மூன்று காதம் மேற்கே தன் கையால் புதுப் பாறை வரைந்தார்.

இரண்டாம் நாள் துறைமுக அதிகாரி வந்தார்.

"சாமி, இது மன்னர் முத்திரை போட்ட படம். இதுல கிறுக்குறது குற்றம்."

"அப்போ பிடிச்சுட்டுப் போங்க. ஆனா போறதுக்கு முன்னாடி, இந்தப் படத்தோட எந்தக் கப்பல்ல உங்க புள்ளையை ஏத்துவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க."

அதிகாரி பதில் சொல்வதற்குள் மீன்காரிகள் சுற்றி வளைத்துவிட்டார்கள். "பிடிங்கய்யா பாப்போம்" என்று மக்தலோன் மீன் அரிகிற கத்தியை இடுப்பில் செருகியபடி முன்னால் வந்தாள். "கத்தில மீன் நாத்தம் அடிக்குதேன்னு மட்டும் சொல்லக்கூடாது." அந்த மனிதர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பார்க்காதவர் போல் சுங்கச்சாவடிப் பக்கம் நடந்தார். வெள்ளி சாயங்காலத்துக்குள் இருபத்தாறு படம் திருந்தியது.

மலை மடத்தில் எல்சேயார் ஆறு வருடம் இருந்தார். வாதுமை மரங்களைக் கழித்துவிட்டார். பார்லி ரொட்டி சுட்டார். வெறும் கண்ணால் வானத்தைப் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அதில் அவருக்கு ஆறுதல் கிடைத்ததென்று சொன்னால் பொய். பூசையில் 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல' என்ற இடம் வரும்போதெல்லாம் அவர் குரல் கம்மிவிடும். உடன் இருந்த நான்கு துறவிகளுக்கும் அது தெரியும்.

ஏழாம் வருடம் செப்டம்பரில் த்ரோஃபிம் கோவேறு கழுதையில் உப்பு மீன் மூட்டையோடு மேலே வந்தான். மனைவியோடு சேர்ந்து மீன் உலர்த்தும் வேலை பார்க்கிறான் இப்போது. மூட்டைக்குள்ளிருந்து ஒரு தாள் சுருளை எடுத்தான்.

"பாரிஸிலேர்ந்து புதுப் படம் வந்துருக்கு சாமி. நீங்க கட்டாயம் பாக்கணும்."

மரத்தடிக் கல்மேல் விரித்தார்கள். பாறை சரியான இடத்தில் இருந்தது. எல்சேயார் சொன்ன அதே இடம், நூலிழை பிசகவில்லை. ஓரத்தில் பூவேலைப்பாட்டுக்கு நடுவே அச்சிட்டிருந்தது: 'தெ கொர்வெசாக் தாமே மேற்கொண்ட வான் ஆய்வுகளின்படி திருத்தப்பட்டது.'

"தாமே!" என்றார் எல்சேயார். கழுத்து நரம்பு புடைத்தது. "தாமேயாம்! எந்தக் கூரைமேல ஏறிப் பாத்தாராம்? நாப்பத்து மூணு பேர் செத்த பிறகு, என் கணக்கைத் திருடி, கீழ தன் பேரையும் போட்டுக்கிட்டு..."

"விடுங்க சாமி. பாறை இடத்துக்கு வந்துருச்சுல்ல."

"நீயும் அதிபர் மாதிரிப் பேசாத!"

கோபத்தோடு, இன்னும் என்னென்ன திருடியிருக்கிறான் பார்ப்போம் என்று, படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். தீவின் துறை வாசலில் அவர் அளந்த ஆழங்கள் பாகக் கணக்கில் வரிசையாக இருந்தன; ஒரு பாகம் என்றால் ஓர் ஆள் இரு கை விரித்த அகலம். நான்கு பாகம், ஆறு பாகம், ஐந்து பாகம். மணல்மேட்டில் ஏழு பாகம்.

விரல் அங்கே நின்றுவிட்டது.

"ஏழா?" என்றார். எழுந்து உள்ளே ஓடி, பழைய குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். அளந்த அன்றைக்கு எழுதிய பக்கத்தில் ஒன்று என்று தெளிவாக இருந்தது. ஒரே பாகம். ஸ்தாமாத்திஸின் படகே அங்கே தரை தட்டியது நினைவுக்கு வந்தது. பிறகு பாரிஸுக்கு அனுப்பியதன் நகலைப் புரட்டினார். அதில், அவருடைய சொந்தக் கையெழுத்தில், ஏழு என்று இருந்தது. படியெடுக்கும்போது பார்வை குறைந்த கண் ஏமாற்றியிருக்கிறது.

த்ரோஃபிம் எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "மாட்டிக்கிட்டான் திருடன்! உங்க தப்பையும் சேத்துல்ல திருடியிருக்கான்! இதைக் காட்டினா உலகமே ஒத்துக்கும் சாமி!"

எல்சேயாருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. படத்தை நம்பி, ஏழு பாகம் தண்ணீர் இருக்கிறதென்று சரக்கேற்றிய கப்பல் ஒன்று அந்தத் துறைக்குள் நுழைவது கண்முன் தெரிந்தது.

"ரவேல் துறையிலேர்ந்து கிழக்க அடுத்த கப்பல் எப்போ?"

"நாளன்னைக்குக் காலையில ரெண்டு கிளம்புது. ஏன்?"

எல்சேயார் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்ற துறவி, "எங்க போறீங்க? அனுமதி வாங்கலையே!" என்றார்.

"வந்து தண்டனை வாங்கிக்கிறேன். கழுதையைத் திருப்பு, த்ரோஃபிம்."

மறுநாள் மத்தியானம் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் கப்பலின் தலைவர் ஒதிபேர் என்ற பருத்த மனிதர். படத்தையும் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"இந்தத் தப்பு யாரோடது சாமி? பாரிஸ்காரனோடதா?"

"என்னோடது" என்றார் எல்சேயார். "ஒன்னை ஏழுன்னு எழுதிட்டேன். அவர் பாக்காமத் திருடிட்டாரு. திருட்டுதான் அவரோடது."

ஒதிபேர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மைக்கூட்டைக் கொண்டுவரச் சொல்லி, ஏழை அடித்து ஒன்று போட்டார். அடுத்த கப்பலுக்கும் ஆள் அனுப்பிவிட்டு, சாமிக்குச் சாப்பிட ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். எல்சேயார் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மக்தலோன் கொண்டுவந்த வறுத்த மத்தி மீனையும் ரொட்டியையும் மேல்தளத்தில் உட்கார்ந்து தின்றார். கைவிரலை நக்கிக்கொண்டே, இந்தப் படம் வேறு எந்தெந்தத் துறைக்குப் போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார்.